கடைசி நேரத்தில் குறுக்கே புகுபவர்கள்: இடம் விடுவதா, விடாமல் இருப்பதா?

ஜனவரி 6, காலை (வந்த கேள்வி)

"அண்ணா, வலது பக்கம் திரும்பும் தடத்தில் 40 வண்டி வரிசையாக நிற்கிறது. பக்கத்தில் நேராகப் போகும் தடம் காலி. ஒருவர் அதில் சர்ரென்று வந்து, சிக்னலுக்கு நாலைந்து வண்டி தூரம் இருக்கும்போது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு மூக்கை நுழைக்கிறார். என் வீட்டுக்காரர் தினமும் யாருக்காவது இடம் விட்டுவிடுகிறார். 'ஒரு வண்டிதானே, போகட்டும்' என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரில் இரண்டு பேரும் பேசாமலேயே போகும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது. விடுவது சரியா, விடாமல் இருப்பது சரியா?"

ஜனவரி 6, இரவு

விடக்கூடாது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

நான் தினமும் வேலைக்குப் போகும் வழியிலும் இதே மாதிரி ஒரு சந்திப்பு இருக்கிறது. வலப்பக்க அம்பு 32 வினாடி எரியும். ஒரு வண்டிக்கு 2 வினாடி என்று வைத்தால் 16 வண்டி போகலாம். 16-ஆவதாக நிற்பவர் தன் முறை வந்துவிட்டது என்று கியரைப் போடும்போது முன்னால் ஒருவர் புகுந்துவிட்டால், அவருக்கு அந்தப் பச்சை கிடைக்காது. மறுபடி 2 நிமிடம் நிற்க வேண்டும். 'ஒரு வண்டிதானே' என்பது உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சரிதான். 16-ஆவது வண்டியில் உட்கார்ந்து ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 7

நேற்று சொன்ன கணக்கில் ஒரு பிழை. பச்சை விழுந்ததும் முதல் வண்டி அந்தக் கணமே கிளம்பாது. விளக்கைப் பார்த்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, வண்டி உருள ஏறக்குறைய 2 வினாடி ஆகிவிடும். போக்குவரத்துப் பொறியாளர்கள் இதைத் தொடக்க இழப்பு என்று தனியாகவே கழித்துவிடுவார்கள். அப்புறம்தான் வண்டிகள் சீராகப் பாயத் தொடங்கும். எந்த இடைஞ்சலும் இல்லாத ஒரு தடத்தில், ஒரு மணி நேரம் முழுக்கப் பச்சை எரிந்தால் சுமார் 1,900 கார்கள் போகும் என்பது அவர்களுடைய அடிப்படைக் கணக்கு. அதாவது காருக்கு 2 வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே என் சந்திப்பில் 16 இல்லை, 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

பைக் ஓட்டுபவர்கள் முன்னால் போய் நிற்பதையும் இதில் சேர்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். எனக்கு அது வேறு விஷயமாகப் படுகிறது. கோட்டுக்கு அருகே கூடி நிற்கும் பைக்குகள் பச்சை விழுந்த முதல் சில வினாடிகளில் கலைந்துவிடும். ஒரு கார் நிற்கும் இடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் இருப்பவரைத் தள்ளுவதில்லை. அதைத் தனியாகப் பேசலாம்.

ஜனவரி 12

கணக்கை வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எண்ணிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இந்த வாரம் நான் ஓட்ட, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். 32 வினாடிக்குள் கோட்டைத் தாண்டும் வண்டிகள் எத்தனை, அதில் குறுக்கே வந்தவை எத்தனை, அவ்வளவுதான்.

யாரும் புகாத பச்சையில் 14 அல்லது 15. இரண்டு பேர் புகுந்த பச்சையில் 10. இது எனக்கே அதிர்ச்சி. இரண்டு பேர் வந்தால் இரண்டு இடம்தான் போகும் என்று நினைத்திருந்தேன். போனது ஏழு. ஏனென்றால் அந்தப் 10-இல் இரண்டு அவர்கள். வரிசையில் நின்றவர்களில் போனது 8 பேர்தான்.

மீதி ஐந்து எங்கே போனது என்று அடுத்த நாள் கவனித்தேன். புகுபவர் நேராக ஓடி வந்து நுழைவதில்லை. சாய்வாக நின்று, இரண்டடி உருட்டி, நிறுத்தி, வரிசையில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். இவர் விடுவாரா, அவர் நுழைவாரா என்று இரண்டு பேருமே தயங்குகிறார்கள். அந்த நேரத்தில் முன்னால் இருந்தவர்கள் போய்விடுகிறார்கள், கோட்டுக்கு முன்னால் நாலு வண்டி நீளத்துக்கு வெறும் சாலை கிடக்கிறது. பச்சை விளக்கு வெறும் சாலைக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

சகோதரி சொன்ன 40 வண்டி வரிசைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். பச்சைக்கு 15 வீதம் போனால் மூன்று பச்சையில் 40-ஆவது வண்டி தாண்டிவிடும். வரிசைக்காரர்கள் 8 வீதம் போனால் ஐந்து பச்சை வேண்டும். எங்கள் சிக்னலில் ஒரு சுற்று 2 நிமிடம் என்பதால், 40-ஆவது ஆளுக்கு 4 நிமிடம் கூடுதல். புகுந்தவர்கள் ஆளுக்கு மிச்சம் பிடித்தது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இருக்கும்.

ஜனவரி 14

"சாலை ஓரிடத்தில் குறுகி, இரண்டு தடம் ஒன்றாகிறது. அங்கே கடைசி வரை போய்ச் சேருவதும் புகுவதுதானே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தடம் முடியப்போகிறது என்றால், அந்த முடிவு வரைக்கும் அது சாலைதான். அதைக் காலியாக விட்டுவிட்டு எல்லோரும் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே ஒரே வரிசையில் சேர்ந்தால், வரிசை நீண்டு பின்னால் இருக்கும் முந்தைய சந்திப்பையே அடைத்துவிடும். இரண்டு தடத்திலும் நிரம்பி வந்து, குறுகும் இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஜிப்பின் பற்கள் மாதிரி சேர வேண்டும். ஜெர்மனியின் சாலை விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: குறுகும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் மாறி மாறி இடம் விட வேண்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேட்டில் 134-ஆவது விதியும், வண்டிகள் மிக மெதுவாக ஊரும்போது, பாதுகாப்பாக இருந்தால், முறை வைத்துச் சேருவதைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை இதைப் பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்கிறது. வரிசையின் நீளம் 40 சதவீதம் வரை குறையும் என்கிறது.

திரும்பும் தடம் அப்படி இல்லை. நேராகப் போகும் தடம் எங்கேயும் முடியவில்லை. அது நேராகப் போகிறவர்களுக்கானது. அதைத் தன் ஓடுபாதையாக்கிக்கொண்டு கடைசியில் வலப்பக்கம் சாய்பவர் சேரவில்லை, முந்துகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாலைப் பணி நடந்த ஓரிடத்தில், முடியப்போகும் தடத்தில் யாரும் முன்னால் போய்விடக்கூடாது என்று, இரண்டு தடத்துக்கும் நடுவில் கோட்டின் மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம். நியாயத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல்லோரும் எனக்கு அன்று குறுக்கே புகுபவர்களாகத் தெரிந்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி, நான் செய்ததுதான் தவறு. அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15

விட்டுப்போனது: தடம் எங்கே முடிகிறது என்று பலகை இருந்தால்தான் ஜிப் வேலை செய்யும். பலகை இல்லாத இடத்தில் யார் முந்துகிறார், யார் சேருகிறார் என்று யாருக்குமே தெரியாது.

ஜனவரி 19

இதுவரை வரிசையில் நிற்பவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். பெரிய நஷ்டம் அவர்களுக்கு இல்லை என்று இன்று தெரிந்தது.

அப்பாவுக்குக் கண்ணில் அறுவை. ஏழரைக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். இன்று நாங்கள் அதே சந்திப்பில் நேராகப் போக வேண்டியவர்கள். எங்களுக்குப் பச்சை விழுந்தது. முன்னால் ஒரு வெள்ளைக் கார் வலப்பக்க வரிசைக்குள் நுழைய முயன்று, இடம் கிடைக்காமல் சாய்ந்து நிற்கிறது. முன் சக்கரம் கோட்டின் மேல், பின் சக்கரம் இரண்டும் எங்கள் தடத்தில். வலப்பக்க அம்பு சிவப்பு. ஆகவே வரிசை நகராது. அந்தக் காரும் நகராது. நேராகப் போகும் பச்சை எங்கள் எல்லோருக்கும் எரிந்து, மஞ்சளாகி, அணைந்தது. அந்தக் கார் மட்டும் இண்டிகேட்டரைச் சிமிட்டிக்கொண்டே நின்றது.

நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதன் பின் சீட்டில் ஒரு குழந்தை முட்டி போட்டு, பின் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. பொத்திய கைகளுக்கு நடுவில் அந்த முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன்.

அப்பா 28 வருடம் லாரி ஓட்டியவர். ஒரு கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அவன் வலது பக்கம் பார்த்துக்கிட்டே நிக்கிறான். பின்னாடி நாம நிக்கிறது அவனுக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

அந்த வார்த்தை நாள் முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. புகுபவர் தான் யாரை முந்துகிறோம் என்று பார்க்கிறார். யாரை மறிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. எங்களுக்குப் பின்னால் எத்தனை வண்டி நின்றதோ, அவர்களுக்கு அந்தத் திருப்பத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு ஆம்புலன்ஸ் நின்றிருந்தாலும் அதே கதைதான்.

(அறுவை நல்லபடியாக முடிந்தது. கேட்டவர்களுக்கு நன்றி.)

ஜனவரி 20

சகோதரி எழுதியிருக்கிறார்: "இதைத்தான் என் வீட்டுக்காரர் சொல்கிறார் அண்ணா. மறித்துக்கொண்டு நிற்பவருக்குச் சட்டென்று இடம் விட்டால் பின்னால் நேராகப் போகிறவர்களுக்கு வழி கிடைக்குமே என்கிறார்."

இதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. யோசிக்க வேண்டும்.

ஜனவரி 22

யோசித்ததில் அவர் பாதி சரி. ஏற்கெனவே மறித்து நிற்கிற ஒருவரை உள்ளே விட்டால், நேர்த் தடம் அந்தக் கணமே திறக்கும். அவரோடு மல்லுக்கு நின்று நான் ஜெயித்தால், தோற்பது அவருக்குப் பின்னால் இருப்பவர்கள். நான் 6-ஆம் தேதி 'யோசிக்க ஒன்றும் இல்லை' என்று எழுதியது அவசரம்.

ஆனால் மீதி பாதி இருக்கிறது. இன்றைக்கு இடம் கிடைத்தவர் நாளைக்கும் வருவார். அவரைப் பார்த்து இன்னொருவர் வருவார். இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 129 வரிசைகளில் ஆட்களை வேண்டுமென்றே நடுவில் நுழையச் சொல்லிப் பார்த்தார்கள், 1986-இல் வெளியானது. மனிதர்கள் நிற்கும் வரிசைகள்தான், வண்டிகள் இல்லை. நுழைந்தவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளியது பத்தில் ஒரு வரிசையில்தான். அதிகமாக ஆட்சேபித்தது, நுழைந்தவருக்கு நேர் பின்னால் நின்றவர். எனக்குப் பொட்டில் அடித்தது அடுத்த விஷயம். நேர் பின்னால் இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் நின்றால், அவருக்கும் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிட்டார்கள். அதைச் சோதிக்கவே தங்கள் ஆளை அந்த இடத்தில் அமைதியாக நிற்க வைத்திருந்தார்கள்.

அந்த இடத்தில்தான் காரில் நானும் உங்கள் வீட்டுக்காரரும் இருக்கிறோம். விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஒருவர். அதற்கு நேரத்தைக் கொடுப்பவர்கள் பின்னால் இருக்கும் முப்பது பேர். அவர்களை யாரும் கேட்கவில்லை. நான் கையசைத்து ஒருவரை உள்ளே விடும்போது எனக்கு ஒரு நல்ல உணர்வு வருகிறது, மறுக்கவில்லை. அது என்னுடைய நேரத்தை மட்டும் கொடுத்து வந்த உணர்வா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஜனவரி 28

நானே புகுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு முறை பழக்கமில்லாத ஊரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் போன கண்டெய்னர் லாரி வழிகாட்டிப் பலகையை முழுக்க மறைத்துவிட்டது. லாரி விலகியபோதுதான் தெரிந்தது, நான் திரும்ப வேண்டிய தடம் பக்கத்தில் இருக்கிறது, அதில் இருபது வண்டி நிற்கிறது என்று. பயந்துபோய் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நின்றேன். முதல் மூன்று பேர் என்னைப் பார்க்காத மாதிரி முன் பம்பரை ஒட்டிக்கொண்டு போனார்கள். நான்காவது ஒரு பெண்மணி. கண்ணாடியை இறக்கி, 'வா' என்று கையைக் காட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் பார்வைக்கு நானும் தினமும் புகுபவனும் ஒன்றுதான். இண்டிகேட்டரில் 'வழி தெரியாமல் வந்துவிட்டேன்' என்று எழுதியிருக்காது. அவர் எனக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தார். நான் இதுவரை எத்தனை பேருக்கு அதைக் கொடுக்காமல் விட்டிருப்பேன்?

ஜனவரி 28, இரவு

இதை அப்பாவிடம் சொன்னேன். கண் கட்டோடு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நின்னதே தப்பு. தப்பான தடத்துக்கு வந்துட்டா நேரா போயிடணும். அடுத்த திருப்பத்துல திரும்பி வந்துக்கலாம், ரோடு எங்கேயும் ஓடிடாது. பத்து சக்கர வண்டியில பாதி நுழைஞ்சு நின்னுட்டா யாரால எடுக்க முடியும்? எங்களுக்கு அந்த வசதியே கிடையாது" என்றார்.

காரில் இருப்பவர்களுக்கு நுழைந்துவிடலாம் என்ற வசதி இருக்கிறது, அதனால்தான் நேராகப் போகத் தோன்றுவதில்லை. பெரிய வண்டி ஓட்டுபவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 3

அப்பா சொன்னதைச் செய்து பார்த்தேன். இன்று பேச்சு சுவாரசியத்தில் என் தடத்தைத் தவற விட்டுவிட்டேன். நேராகப் போய், அடுத்த சந்திப்பில் சுற்றிக்கொண்டு வந்தேன். கூடுதலாக 6 நிமிடம். அலுவலகத்தில் யாரும் கவனிக்கக்கூட இல்லை.

பிப்ரவரி 5

"அவனை விடாமல் இருக்க முன் வண்டியோடு ஒட்டிக்கொண்டு போவேன்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூன்று வருடம் முன்பு நான் அப்படித்தான் போனேன். வலப்பக்க வரிசையில் ஒரு முழம்கூட இடைவெளி விடவில்லை. கண் முழுக்க இடப்பக்கம் நுழைய வந்தவர் மேல். முன்னால் இருந்தவர் சட்டென்று நின்றதைப் பார்க்கவில்லை. முன் வண்டியில் நான், என் மேல் பின்னால் வந்தவர். நுழைய வந்தவர் அந்தக் குழப்பத்தில் எங்கோ போய்விட்டார். நானும் முன்னால் இருந்த பெரியவரும் வெயிலில் நின்று பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் திருப்ப முடியவில்லை என்று பிறகு போனில் சொன்னார். அவர் எந்தச் சண்டையிலும் இல்லாதவர்.

மோதல் நடக்காவிட்டாலும் ஒட்டிப் போவது நெரிசலைக் கூட்டும். ஜப்பானில் ஒரு சோதனை, 2008-இல் வெளியானது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, திருப்பம் இல்லை, குறுக்கே புகுபவர் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உருவாகி, அலை மாதிரி பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாக வேகம் குறைத்தால், இடைவெளி குறைவாக இருக்கும் பின்னவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைக்கிறார், அதற்குப் பின்னவர் நின்றே விடுகிறார். இடைவெளி இருந்தால்தான் அந்த அதிர்ச்சியை விழுங்க முடியும்.

பிப்ரவரி 6

வரிசைக்காரர்களுக்கும் ஒரு மயக்கம் உண்டு. பக்கத்துத் தடம் எப்போதும் வேகமாகப் போவதாகத் தோன்றும். ரெடல்மியர், திப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைப் பற்றி எழுதினார்கள். இரண்டு தடமும் சராசரியாக ஒரே வேகத்தில் போனாலும், நாம் மற்றவர்களை முந்தும்போது பல வண்டிகளைச் சில வினாடிகளில் தாண்டிவிடுகிறோம்; மற்றவர்கள் நம்மை முந்தும்போது ஒவ்வொன்றாக நெடுநேரம் கடந்து போகிறார்கள். ஆகவே முந்தப்படும் நேரம்தான் நினைவில் நிற்கிறது. புகுபவர்களில் பலர் இந்த மயக்கத்தில் தடம் மாறியவர்களாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 17

எங்கள் சந்திப்பில் புதிதாக நட்டிருக்கிறார்கள்: வலப்பக்கத் தடத்துக்கும் நேர்த் தடத்துக்கும் நடுவில், இடுப்பு உயரத்துக்கு வளையும் பிளாஸ்டிக் கம்பங்கள். கோட்டிலிருந்து பின்னோக்கி ஒரு 60 மீட்டர் இருக்கும். தடத்தின் திசையைச் சாலையிலேயே பெரிய அம்பாக முன்கூட்டியே வரைந்திருக்கிறார்கள்.

முதல் நாள் நல்ல பலன். இரண்டாம் நாளே புகுபவர்கள் கம்பம் தொடங்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே வரிசை ஊர்ந்துகொண்டிருப்பதால் நுழைபவர் அதிகம் நிற்க வேண்டியதில்லை, நேர்த் தடம் முன்பு போல் அடைவதில்லை. கோட்டுக்கு முன்னால் வெறும் சாலை கிடப்பதும் குறைந்துவிட்டது. திரும்பும் தடத்தையே இன்னும் நீளமாக்கி, தூரத்திலேயே பலகை வைத்தால் வழி தெரியாமல் வருபவர்கள் குறைவார்கள் என்பது என் எண்ணம். வேண்டுமென்றே வருபவர்களுக்குக் கேமராதான்.

பிப்ரவரி 18

சகோதரிக்கு, ஆறு வாரம் கழித்து என் பதிலை மாற்றி எழுதுகிறேன். ஏற்கெனவே நேர்த் தடத்தை மறித்து நிற்பவராக இருந்தால் ஒரே ஒருவரை விட்டுவிடச் சொல்லுங்கள், அதுவும் தயங்காமல், சட்டென்று. இரண்டாவது ஆளுக்கு வேண்டாம். இன்னும் மறிக்காமல் பக்கத்தில் உருண்டு வருபவருக்காக நிற்க வேண்டாம், சீரான இடைவெளியில் போய்க்கொண்டே இருந்தால் போதும். ஓரக்கண்ணால் முறைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் போகும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர் பின்னால் நேராகப் போகிறவர்களை நினைக்கிறார், நீங்கள் வரிசையில் நிற்பவர்களை நினைக்கிறீர்கள்.

பிப்ரவரி 20

சகோதரியிடமிருந்து: "இன்று நான் ஓட்டினேன் அண்ணா, அவர் எண்ணினார். 13."

பிப்ரவரி 24

எங்கள் சந்திப்பில் இன்று காலை 15. நாங்கள் பதினான்காவது.